ஏற்காட்டில் முடிந்த எழுத்துப் பயணம்

சேலத்து அடிவாரத்தில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்குச் சேர்வராயன் மலை குளிரையும் காப்பித் தோட்டங்களையும் நினைவூட்டும். நமக்கோ அது ஒரு நன்றிக் கடனையும் நினைவூட்டுகிறது. தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தேடித் திரட்டிய பீட்டர் பெர்சிவல், 1882-ஆம் ஆண்டில் அம்மலைமீதுள்ள ஏற்காட்டில்தான் கண்மூடினார்.

“பாதிரியாரைப் பாராட்டுவதா? பகுத்தறிவாளர்க்கு இது பொருந்துமா?” எனத் தோழர் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும், கேள்வி பிறக்குமிடத்தில்தான் தெளிவும் பிறக்கும்.

பெர்சிவல் 1803-இல் இங்கிலாந்தில் பிறந்தவர்; மதம் பரப்பவே யாழ்ப்பாணம் வந்தவர். அதனை நாம் மறைக்கவில்லை. அவருடைய சமயத்தை நாம் ஏற்கவுமில்லை. ஆயினும், போதிக்க வந்தவர் செவிசாய்க்கவும் செய்தார். பள்ளிகளை வளர்த்தார். விவிலியத்தைத் தமிழாக்க, சைவரான ஆறுமுக நாவலரின் துணையை நாடினார். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார், அகராதிகள் ஆக்கினார், ‘தினவர்த்தமானி’ என்னும் வார இதழை நடத்தினார். அவ்விதழின் ஆசிரியப் பணிக்கு அவர் அழைத்த யாழ்ப்பாணத்து இளைஞர் யார்? பிற்காலத்தில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளைதான்!

1854-இல் அவர் எழுதிய ஆங்கில நூலுக்கு ‘வேதத்தின் நாடு’ எனப் பொருள்படும் பெயரிட்டார். உழைக்கும் மக்களின் நாட்டை வேதத்தின் பெயரால் அழைத்தது நமக்கு உடன்பாடன்று. அந்தக் குறையை அவருடைய பழமொழித் தொகுப்பே தீர்த்துவைத்தது எனலாம். 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில் 6,000-க்கு மேற்பட்ட பழமொழிகள், ஆங்கில மொழிபெயர்ப்புடன்! எவருடைய சொற்கள் இவை? ஏர் பிடித்தவன், நாற்று நட்டவள், சந்தையில் விலை பேசியவன் ஆகியோரின் சொற்கள். ஏட்டில் இருப்பதே இலக்கியம் என எண்ணிய நாளில், எழுத்தறியாதாரின் நாவில் இருந்ததை நூலாக்கியது எளிய செயலா?

ஆயினும், பழமொழி என்பதற்காகவே நாம் பணிந்துவிடலாமா? “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது உழவனின் பட்டறிவு. “பெண்புத்தி பின்புத்தி” என்பதோ ஆணின் ஆணவம். இரண்டும் நம் ஊர்களில் வழங்கியவையே. தொகுத்தல் அவர் ஏற்ற பணி. பகுத்தல் நம் பணி. தொகுத்து வைக்கப்படாவிடின், நம் முன்னோர் எதை அறிந்திருந்தனர், எங்கே இடறினர் என்பதற்குச் சான்று ஏது?

அவருடைய மருமகன் இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியல் அறிஞர். அவரும் ஏற்காட்டில் வாழ்ந்தவரே. மாமனார் மக்களிடையே பழஞ்சொல்லைத் தேடினார்; மருமகன் மண்ணிலே பழங்கல்லைத் தேடினார். இருவர் தேட்டமும் நம் வரலாற்றுக்குச் சேர்ந்த செல்வம்.

மலையேறும் இளைஞரே! ஏரியில் படகு விட்டுத் திரும்புவதோடு நில்லாதீர். மலையாளிப் பழங்குடி மூதாட்டி ஒருத்தியின் திண்ணையில் சற்றே அமருங்கள். அடிவாரத்து உழவரிடமும், உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். எழுதியதை அறிவுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பெர்சிவலுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.