மீன்தொட்டியைக் கலைத்த கதை

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கத் தொடங்கிய வரலாற்றை நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. அத்தொட்டிகள் கலைக்கப்பட்ட வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1849 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ரொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், கண்ணாடிப் பாத்திரமொன்றில் இரு பொன்மீன்களையும், நாடாப் போன்ற இலையுடைய நீர்ச்செடியொன்றையும் இட்டார். அழுகிய இலைகள் நீரைக் கெடுக்கவே, அவற்றை உண்ணும் குளத்து நத்தைகளையும் சேர்த்தார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்க, செடி தரும் பிராணவாயுவை மீன் ஏற்க, நீர் மாற்றாமலே பாத்திரம் தெளிந்திருந்தது. கண்ணாடி வரி 1845 இலேயே நீக்கப்பட்டிருந்தமையால் கண்ணாடியும் மலிந்திருந்தது. 1853 இல் இலண்டன் விலங்குச்சாலையில் மீன்களுக்கெனத் தனிமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் கொஸ் எழுதிய நூல் அவ்வார்வத்தை வீடுதோறும் பரப்பிற்று.

மோகம் நீடிக்கவில்லை. 1868 இல் எழுதிய வூட் பாதிரியார், பத்தில் ஒன்பது தொட்டிகள் கைவிடப்பட்டன என்று கணிக்கின்றார். கைவிட்ட தொட்டியைப் பின்னொருநாள் எடுத்து வைக்கலாம் என்று எவரும் எண்ணுதற்கில்லை. அக்காலத் தொட்டி இரும்புச் சட்டத்திற் கண்ணாடியை மக்கு வைத்துப் பூட்டியதாகும். நீர் இருக்கும்வரை மக்கு தாங்கும். உலர்ந்தால் இறுகி வெடிக்கும். மீண்டும் நிரப்பினால் ஒழுகும். ஆகவே அன்று தொட்டியைக் கலைத்தல் பெரும்பாலும் அதனை இழத்தலாகவே முடிந்தது. 1960களுக்குப் பின் பரவிய சிலிக்கன் பசையே இந்நிலையை மாற்றிற்று. சட்டமின்றி ஒட்டிய கண்ணாடித் தொட்டி ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்தாலும் பெரும்பாலும் கெடாது.

யுத்தமும் தொட்டிகளைக் கலைத்ததுண்டு. 1939 இல் உலகப்போர் மூண்டபோது இலண்டன் விலங்குச்சாலையின் மீன்மனை நீர் வடிக்கப்பட்டது. மீன்கள் பெரும்பாலும் கொல்லப்பட்டன. வடமராட்சியின் கரவெட்டியும் யுத்தத்தை அறிந்த ஊர். 1990 முதற் பல ஆண்டுகள் குடாநாட்டிற்கு மின்சாரம் இல்லாதிருந்தது. காற்றுப்பம்பியை நம்பிய தொட்டி அந்நாளில் வாழ வழியில்லை. வாரிங்டனின் செடித்தொட்டியோ மின்சாரத்தை அறியாதது.

கரவெட்டியிற் தொட்டியைக் கலைப்போர் சிலவற்றைக் கருதுதல் வேண்டும். முதலில் மீன்களைப் பழைய தொட்டி நீருடனேயே மூடிய பாத்திரத்திற்கு மாற்றுக. அதன் பின்னரே சரளையைக் கிளறுக. அடியிலே தங்கிய கரிய சேற்றில் அழுகல்வாயு இருத்தல் கூடும். அது மீனைக் கொல்லும். அறுபது சதமமீற்றர் நீளமும் முப்பது அகலமும் முப்பது உயரமும் உடைய தொட்டியில் ஐம்பத்து நான்கு இலீற்றர் நீர், அதாவது ஐம்பத்து நான்கு கிலோ எடை உண்டு. நீரையும் சரளையையும் அகற்றாமற் தூக்கினால் அடிக்கண்ணாடி பிளக்கும். வடித்த நீர் வாழைக்கு நல்ல உரம். சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த குடாநாட்டுக் கிணற்றுநீர் கண்ணாடியிற் படியவிடும் வெண்கறையைத் தேசிக்காய்ச் சாறு போக்கும்; சவர்க்காரம் ஆகாது, அதன் எச்சம் பின்னர் வரும் மீனுக்கு நஞ்சாகும்.

மீன்களை என் செய்வது? இதுவே கடினமான வினா. குளத்தில் விட்டுவிடுதல் இரக்கமெனச் சிலர் கருதுவர். மாரி வெள்ளத்தில் வயலும் குளமும் ஒன்றாகும் நாட்டில் குளத்தில் விட்ட மீன் அங்கேயே நில்லாது. அலங்கார மீனாக வந்த கத்திமீன் தென்னிலங்கை நீர்நிலைகளிற் பெருகி, உள்ளூர்ச் சிறுமீன்களுக்குப் பகையாயிற்று. வளர்க்கும் வேறொருவரிடம் கொடுப்பதே தக்கது. கடைக்காரர் சிலரும் ஏற்பர். நுளம்புக் குடம்பிகளை உண்ணும் கப்பி மீனைக் கிணற்றில் விடுதல் சுகாதாரப் பகுதியினர் கைக்கொள்ளும் முறையே. ஆயினும் அவர்களைக் கேட்டே செய்தல் வேண்டும்.

வெறுந்தொட்டியை வளவில் நிமிர்த்தி வைத்தால் ஐப்பசி மழை அதனை நிரப்பும். டெங்கு நுளம்பு அதிற் பெருகும். சாக்கு விரித்த சமதளத்தில், வெயில் படாத அறையில், பாரமேற்றாது கவிழ்த்து வைக்கலாம். மீண்டும் எடுக்கும்போது வளவிலேயே நீர் நிரப்பி, ஒருநாள் விட்டு, ஒட்டுவாய்களைக் கையாற் தடவிப் பார்த்தபின் விறாந்தைக்குக் கொண்டுசெல்க. சரளையில் வாழ்ந்து நீரின் நஞ்சை மாற்றிய நுண்ணுயிர்கள் உலர்ந்தபோதே மடிந்திருக்குமாகையால், அவை மீண்டும் பெருகச் சில வாரங்கள் செல்லும். அதுவரை ஓரிரு மீன்களுக்கு மேல் இடலாகாது.