திசை மாறிய குழாய்

எரியும் பாறை – 11

1942-ம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டி ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் வேட்டையாடிக்கொண்டிருந்தன. டெக்சாஸிலிருந்து நியூயார்க்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் எண்ணெய் ஏற்றிச் சென்ற டாங்கர் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் மூழ்கின. இப்படியே போனால் கிழக்கே ஆலைகள் நின்றுவிடும், போரிலும் தோல்வி வரும் என்ற நிலை. போர்க்காலப் பெட்ரோலியப் பொறுப்பை வகித்த அமைச்சர் ஹெரால்ட் இக்கிஸ், எண்ணெயைத் தரைவழியே கொண்டுபோக வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார்.

அந்த ஆகஸ்டில் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். டெக்சாஸின் லாங்வியூவிலிருந்து பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ்வில் வரை சுமார் 2,000 கிலோமீட்டர் நீளம், 24 அங்குல விட்டம். ஓராண்டுதான். 1943 ஆகஸ்டில் ஃபீனிக்ஸ்வில்லுக்கு எண்ணெய் வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் குழாய்க்கு ‘பிக் இன்ச்’ என்று பெயர். அதற்குத் துணையாக 20 அங்குலத்தில் ‘லிட்டில் பிக் இன்ச்’ என்ற இன்னொன்றையும் போட்டார்கள்.

போர் முடிந்ததும் கப்பல்கள் மறுபடி ஓடின, குழாய்களுக்கு வேலை இல்லாமல் போனது. 1947-ல் டெக்சாஸ் ஈஸ்டர்ன் என்ற புதிய நிறுவனம் இரண்டையும் சுமார் 14.3 கோடி டாலருக்கு வாங்கி, எண்ணெய்க்குப் பதிலாக இயற்கை எரிவாயுவை அனுப்பத் தொடங்கியது. தெற்கே கிணறு, வடகிழக்கே அடுப்பு. இந்த ஏற்பாடு அறுபது ஆண்டுகளுக்கு மேல் மாறவே இல்லை.

அதை மாற்றியது ஷேல் என்னும் களிப்பாறை.

கிணறு இருந்தும் பயன் இல்லை

ஷேல் பாறைக்குள் வாயு இருப்பது புதிய கண்டுபிடிப்பல்ல. நியூயார்க் மாநிலத்தின் ஃபிரெடோனியா என்ற சிற்றூரில் 1821-லேயே வில்லியம் ஹார்ட் என்பவர் 27 அடி தோண்டி, ஷேலிலிருந்து வந்த வாயுவில் விளக்கெரிய வைத்தார். ஆனால் மணற்பாறையில் வாயு தாராளமாக ஓடிவரும். ஷேலின் துளைகளோ மிக நுண்ணியவை. வாயு உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். பாறையை உடைத்தால்தான் வெளியே வரும்.

1970-களில் அமெரிக்காவில் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது அரசின் கவனம் இந்தப் பாறை மேல் விழுந்தது. 1976-ல் கிழக்கு மாநிலங்களின் ஷேலை ஆராயும் திட்டம் தொடங்கியது. 1980-ல் இத்தகைய வாயுவை எடுப்பவர்களுக்கு வரிச்சலுகையும் கிடைத்தது. ஷேல் புரட்சியைத் தனியாரின் சாதனை என்று மட்டும் எழுதுபவர்கள், மக்களின் வரிப்பணம் போட்ட இந்த அடித்தளத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஆடு மேய்த்தவரின் மகன்

அந்த அடித்தளத்தின் மேல் நின்று போராடியவர் ஜார்ஜ் மிட்செல். கிரேக்கத்தில் ஆடு மேய்த்து, அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஒருவரின் மகன். 1919-ல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் பிறந்தார். அவருடைய நிறுவனம் சிகாகோவுக்குச் செல்லும் குழாய்க்கு வாயு தருவதாக நீண்டகால ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆனால் ஃபோர்ட் வொர்த் நகருக்கு அருகே இருந்த அவருடைய பழைய கிணறுகள் வற்றிக்கொண்டு வந்தன. வாயு இல்லையென்றால் ஒப்பந்தமும் போகும், அங்கே போட்டுவைத்த குழாய்களும் சுத்திகரிப்பு ஆலையும் வீணாகும். குழாய்க்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம்தான் அவரை இன்னும் ஆழத்துக்குத் துரத்தியது. பழைய கிணறுகளுக்கும் கீழே, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் பார்னெட் ஷேல் கிடந்தது.

1981-ல் முதல் கிணறு. நீரோடு ரசாயனங்களைக் கலந்து, பிசினால் கெட்டியாக்கி, மணலைச் சேர்த்துப் பேரழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். பாறையில் விரிசல் விழும். அது மூடிக்கொள்ளாமல் மணல் முட்டுக்கொடுத்து நிற்கும். எண்ணெய் வயல்களில் இப்படிக் கெட்டியாக்க வழக்கமாகப் பயன்படுவது குவார் பிசின், அதாவது நம் கொத்தவரையின் விதையிலிருந்து எடுக்கும் பொடி. அந்தக் கூழுக்கே பெரும் செலவானது. கிணறுகள் லாபம் காட்டவில்லை. சொந்த நிறுவனத்திலேயே பலர் ‘போதும், விட்டுவிடலாம்’ என்றார்கள். மிட்செல் விடவில்லை.

விடை கிடைக்க 17 ஆண்டுகள் ஆயின. அவரிடம் வேலை பார்த்த இளம் பொறியாளர் நிக் ஸ்டைன்ஸ்பெர்கர், கூழை விட்டுவிட்டு, உராய்வைக் குறைக்கும் ரசாயனத்தைச் சிறிதளவு மட்டும் கலந்த வெறும் நீரையும் மணலையும் செலுத்திப் பார்த்தார். 1998-ல் எஸ்.எச். கிரிஃபின் 4 என்ற கிணற்றில் அது பலித்தது. செலவு குறைந்தது, வாயுவும் தொடர்ந்து வந்தது. அப்போது மிட்செலுக்கு 79 வயது. 2002-ல் டெவன் எனர்ஜி அவருடைய நிறுவனத்தை வாங்கி, கிணற்றைப் பாறைக்குள் கிடைமட்டமாகத் திருப்பித் துளைக்கும் முறையை இதனுடன் இணைத்தது. செங்குத்தாகச் சில நூறு அடிப் பாறையை மட்டும் தொட்ட கிணறு, இப்போது பாறைக்குள்ளேயே கிலோமீட்டர் கணக்கில் படுத்துச் சென்றது.

வடக்கிலிருந்து தெற்கே

2004-ல் பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் ஷேலில் ரேஞ்ச் ரிசோர்சஸ் நிறுவனம் நீரையும் மணலையும் செலுத்தும் இதே முறையைக் கையாண்டது. அதுவரை டெக்சாஸ் வாயுவை நம்பி அடுப்பெரித்த வடகிழக்கின் காலடியிலேயே வாயு பீறிட்டது. 2000-ல் அமெரிக்க எரிவாயுவில் நூற்றுக்கு ஓரிரு பங்காக இருந்த ஷேல், 2023-ல் ஐந்தில் நான்கு பங்கை நெருங்கியது. 2005 டிசம்பரில் ஓர் அலகு வாயுவுக்கு 15 டாலரைத் தாண்டிய விலை, 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே இறங்கியது.

குழாய்கள் இதற்குத் தயாராக இல்லை. மேற்கின் வாயுவைக் கொலராடோவிலிருந்து ஒஹாயோவுக்குக் கொண்டுவர 600 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, ராக்கீஸ் எக்ஸ்பிரஸ் குழாயை 2009-ல்தான் முடித்திருந்தார்கள். அது போய்ச் சேர்ந்த இடத்திலேயே வாயு கொட்டிக்கிடந்தது. 2015-ல் அதன் கிழக்குப் பகுதியில் மேற்கு நோக்கியும் வாயு ஓடியது. பிக் இன்ச்சிலிருந்து வளர்ந்த டெக்சாஸ் ஈஸ்டர்ன் அமைப்பும் 2014 முதல் வடக்கு வாயுவைத் தெற்கே அனுப்பத் தொடங்கியது.

குழாயைத் திருப்புவது என்றால் பெயர்த்து எடுத்துப் போடுவதல்ல. வழிநெடுக, நூறு கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவில், அழுத்தம் ஏற்றும் கம்ப்ரசர் நிலையங்கள் இருக்கும். வாயு உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் இடம் மாறும்படி அங்கே இணைப்புக் குழாய்களையும் வால்வுகளையும் மாற்றி அமைக்க வேண்டும். அவ்வளவுதான். மண்ணுக்கடியில் கிடக்கும் இரும்பு அப்படியே இருக்கும்.

தெற்கே திரும்பிய வாயுவுக்குக் கடல் காத்திருந்தது. வாயுவை இறக்குமதி செய்யவென்று 2008-ல் லூசியானாவில் திறந்த சபைன் பாஸ் முனையம், 2016 பிப்ரவரியில் ஏற்றுமதியைத் தொடங்கியது. அங்கிருந்து ஆண்டுக்கு 35 லட்சம் டன் வாங்க இந்தியாவின் கெயில் நிறுவனம் 2011-லேயே 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. 2018 மார்ச்சில் முதல் கப்பல் மகாராஷ்டிரத்தின் தபோலுக்கு வந்தது.

மண்ணின் சொந்தக்காரர்கள்

ஆனால் கிணறும் குழாயும் எல்லா இடத்திலும் நினைத்தபடி அமையவில்லை. பென்சில்வேனியாவின் சஸ்குஹானா மாவட்டத்தில் டிமோக் என்ற ஊர். 2009 புத்தாண்டு அன்று அங்கே ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது. நீரில் மீத்தேன் கலந்திருந்தது. அங்கே ஷேல் வாயுவுக்காகத் துளையிட்ட நிறுவனம் வழக்கை எதிர்க்காமல் பொறுப்பேற்று, ஊருக்குக் குடிநீர்க் குழாய் அமைக்கப் பணம் தர ஒப்புக்கொண்டது 2022-ல். அதே மாவட்டத்திலிருந்து நியூயார்க் மாநிலத்துக்குள் போகவிருந்த கான்ஸ்டிடியூஷன் குழாய், மாநில அரசு நீர்நிலை அனுமதி மறுத்ததால் 2020-ல் கைவிடப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவிலிருந்து புறப்பட்ட மவுண்டன் வேலி குழாயின் வேலை 2018-ல் தொடங்கியது. வெறும் 488 கிலோமீட்டர்தான். ஆனால் வழக்குகளைக் கடந்து, அமெரிக்க நாடாளுமன்றமே தனிச் சட்டப்பிரிவு இயற்றிய பிறகு 2024 ஜூனில்தான் அதில் வாயு ஓடியது. பிக் இன்ச்சுக்கு ஓராண்டு போதுமாக இருந்தது.

குழாய்க்கும் நிலத்துக்குமான இந்த மோதலின் வேர் 1947-ல் இருக்கிறது. பிக் இன்ச் கைமாறிய அதே ஆண்டில்தான், மத்திய அனுமதி பெற்ற எரிவாயுக் குழாய் நிறுவனங்கள் உரிமையாளர் மறுத்தாலும் நிலத்தின் மீது உரிமை பெறலாம் என்று அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. நம் நாட்டில் 1962-ம் ஆண்டுச் சட்டம் அதே அதிகாரத்தைத் தருகிறது. சபைன் பாஸில் வாயு வாங்கும் அதே கெயில் நிறுவனம் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களில் குழாய் பதிக்க வந்தபோது, 2013-ல் தமிழக அரசு அதை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. 2016-ல் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது.

மிட்செலின் விடாமுயற்சியை வியக்கலாம், பொறியாளர்களின் திறமையைப் பாராட்டலாம். ஆனால் பாறையைப் பிளந்து எடுத்த வாயுவுக்கு விலை கிடைப்பது குழாயால். குழாய்க்கு வழி கிடைப்பது யாரோ ஒருவருடைய வயலால். அந்த உழவரின் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சட்டம் அங்கும் இல்லை, இங்கும் இல்லை. அது வரும்வரை இந்தப் புரட்சியை முழு வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

(தொடரும்)