தோட்டத்து வாசலில் நின்ற குழாய்

சிலாங்கூர் ஆற்று நீர், கோல சிலாங்கூர் மாவட்டத்தின் புக்கிட் படோங்கிலும், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் சுத்திகரிக்கப்பட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் தலைநகருக்கும் செல்கிறது. இந்த மண்ணில் பால்மரமும் செம்பனையும் வளர்த்த தோட்ட மக்களுக்கு நீர் எவ்வாறு கிடைத்தது என்பதை இன்று காண்போம்.

பிரிட்டிஷார் காலத்தில் தோட்டம் தனியொரு நாடு போலவே இருந்தது. லயமும் மருந்தகமும் குடிநீரும் நிர்வாகத்தின் பொறுப்பு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதையே வற்புறுத்தியது. கிணறும் ஓடையும் பொதுக் குழாயுமே மக்களின் நீர்த்துறைகள். தோட்டம் தனியார் நிலமானதால், ஊராட்சி மன்றத்தின் சேவைகள் பெரும்பாலும் அதன் வாசலோடு நின்றன.

பின்னர் பொறுப்புகள் மேல்நோக்கி நகர்ந்தன. சிறிய மன்றங்களிடம் கழிவுநீர்ப் பணிக்கு வேண்டிய பணமும் பொறியாளரும் போதவில்லை. ஆகவே 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1994 முதல் அப்பணி இண்டா வாட்டர் நிறுவனத்திடம் சேர்ந்தது. குடிநீரோ முன்பே மாநிலத்தின் கையில் இருந்தது. சிலாங்கூர் நீர்த்துறை 2002இல் நிறுவனமாக மாறியது. 2005இல் ஷாபாஸும், அதன்பின் ஆயர் சிலாங்கூரும் பொறுப்பேற்றன. 2005இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, நீர்ச்சேவையில் மத்திய அரசுக்கும் அதிகாரம் கிடைத்தது. 2006ஆம் ஆண்டின் நீர்ச்சேவைச் சட்டம் 2008 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது.

இதனால் பெரிய நிலையங்களும் ஒரே தர அளவும் கிடைத்தன. ஆனால், மன்றத்து வாசலில் போய் முறையிடும் வழக்கம் குறைந்தது, அலுவலகம் தூரமாயிற்று. ஊராட்சித் தேர்தல்கள் 1965இலேயே நிறுத்தப்பட்டதால், அம்மன்றங்களிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

தோட்டத்தின் நிலை வேறு. பொதுக் குழாயிலிருந்து இலவசமாகவும் போதிய அளவிலும் நீர் தருவது முதலாளியின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம். அக்கடமை வேலையோடு கட்டுண்டது. தோட்டம் கைமாறினாலோ, ஓய்வுபெற்றவர் லயத்திலேயே தங்கினாலோ, அவருக்கு நீர் தரவேண்டியவர் யார்? முதலாளி விலகிக்கொள்வார், நிறுவனமோ தனியார் நிலம் என்னும். கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்யும் பொறுப்பும் நில உரிமையாளரையே சாரும்.

ஆகவே, எவரிடம் குழாய் இருக்கிறது என்பதோடு, எவர் பெயரில் மீட்டர் இருக்கிறது, எந்தச் சட்டம் நம்மைக் காக்கிறது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். பொறுப்பாளியை அறிந்து கேட்பவருக்கே உரிமை கைகூடும்.