புதைத்தவர் நம்பிக்கை, கண்டெடுத்தவர் கடமை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ‘ஜியோகேச்சிங்’ போகிறாராம். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வெளியிடுவார். மற்றவர்கள் செல்போனை வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். “நம்ம ஊர்ப் பக்கம் இந்த மாதிரி ஏதாவது உண்டா சார்?” என்று கேட்டார். விளையாட்டாக இல்லை, ஆனால் வேறு விதமாக எழுநூறு வருஷமாக உண்டு என்றேன். அதை விளக்கமாக எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன்.

முதலில் அந்த விளையாட்டின் கதை. ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவின் பேரில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு பக்கெட்டை வைத்து, இருக்குமிடத்தை இணையத்தில் போட்டார். உள்ளே சில புத்தகங்கள், ஒரு கவண், பீன்ஸ் டின் ஒன்று, கூடவே ஒரு நோட்டு. மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

இதற்கு எழுதிவைத்த ஒழுங்குகள் உண்டு. முக்கியமானவை இவை:

1. நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி கேட்டுத்தான் ஒளிக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது.
2. டப்பாவில் தண்ணீர் புகக் கூடாது. தின்பண்டம் வைக்கக் கூடாது, எலியும் நாயும் கிளறிவிடும். (முதல் பக்கெட்டில் பீன்ஸ் டின் இருந்தது வேறு விஷயம்!)
3. கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும்.
4. ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்க வேண்டும்.
5. எங்கே, எப்படி இருந்ததோ அங்கேயே, அப்படியே திரும்ப வைக்க வேண்டும். பார்க்காதவர்களுக்குக் காட்டிக் கொடுக்கக் கூடாது.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒளித்தவரும் கண்டெடுப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

இனி நம் கதைக்கு வருவோம்.

1311இல் மாலிக் காபூரின் படை தமிழகத்துக்குள் வந்தது. அதன் பிறகும் தில்லிப் படைகள் வந்தன. பிறகு மதுரையில் ஒரு சுல்தானியம் ஏற்பட்டது. அந்தக் காலத்தில் கோயில்களில் இருந்தவர்கள் உற்சவத் திருமேனிகளைக் காப்பாற்ற வழி தேடினார்கள். கருவறையில் இருக்கும் கல் மூர்த்தியை நகர்த்த முடியாது. ஐம்பொன் திருமேனிகளை எடுத்துப் போகலாம், இல்லாவிட்டால் புதைக்கலாம்.

அவசரத்தில் குழி வெட்டிப் போட்டுவிடவில்லை. ஆபத்துக் காலத்தில் எப்படி ஒளிப்பது என்பதற்கு ஆகமங்களிலேயே முறை இருக்கிறது. வைகானச ஆகம நூலான ‘விமானார்ச்சன கல்ப’த்தில் அதைக் காணலாம். மறைவான இடத்தில் ஆழமாகக் குழி எடுக்க வேண்டும். மணல் பரப்பி, தர்ப்பை இட்டு, நீர் தெளிக்க வேண்டும். திருமேனியில் இருக்கும் சக்தியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். பூமாதேவியிடம், ஆபத்து நீங்கும்வரை உன் மடியில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கிடத்த வேண்டும். கவனியுங்கள், ‘ஆபத்து நீங்கும்வரை’ என்பதுதான் முக்கியம். அவர்கள் தூக்கி எறியவில்லை, திரும்ப எடுப்பதற்காக வைத்தார்கள்.

திரும்ப எடுத்த கதைகளும் உண்டு. ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் பல ஊர் சுற்றித் திருமலைக்குப் போய், அங்கிருந்து செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்துக்கு வந்து, 1371இல் ஸ்ரீரங்கம் திரும்பினார். கொண்டு சேர்த்தவர் விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் அதிகாரி கோபணர். கம்பணரின் படை தெற்கே போகுமுன் வென்றது யாரைத் தெரியுமா? நம் படவேட்டை ஆண்ட சம்புவராயரை. ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சிக்குப் போகிறவர்கள் அடுத்த முறை சிங்கவரம் குகைக் கோயிலை ஏறிப் பாருங்கள்.

இன்னொரு கதை நமக்கு இன்னும் பக்கத்தில், காஞ்சிபுரத்தில் நடந்தது. 1688இல் முகலாயப் படை வருகிறது என்ற அச்சத்தில் வரதராஜப் பெருமாளின் உற்சவத் திருமேனியை ஊரைவிட்டு வெளியே கொண்டு போனார்கள். பிணத்தைத் தூக்கிப் போவதுபோல மறைத்துக் கொண்டு போனதாகச் சொல்வார்கள். போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம். அங்கே இருபது வருஷத்துக்கு மேல் பூஜை நடந்தது. ஆபத்து நீங்கியதும் காஞ்சிக்காரர்கள் போய்க் கேட்டபோது, பாளையக்காரருக்குத் திருப்பித் தர மனம் வரவில்லை. ஆத்தான் ஜீயர் முயற்சி எடுத்து, அதிகாரத்தில் இருந்த லாலா தோடர்மால் என்பவரின் உதவியோடுதான் 1710இல் பெருமாள் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார். கோயிலில் இருக்கும் கல்வெட்டே இதைச் சொல்கிறது.

பாளையக்காரரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. இருபது வருஷம் காப்பாற்றியவர் அவர்தான். ஆனால் காப்பாற்றியதால் ஒரு பொருள் நமக்குச் சொந்தமாகிவிடாது. ஒப்பந்தத்தின் முதல் பாடம் இது.

காஞ்சிக்குத் திரும்ப முடிந்ததற்குக் காரணம், எங்கே வைத்தோம் என்பது தெரிந்த ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். விளையாட்டில் இருக்கும் நோட்டு மாதிரி, அங்கே மனிதர்களின் ஞாபகம் இருந்தது. பல ஊர்களில் அந்த ஞாபகம் அறுந்துபோயிற்று. புதைத்தவர் செத்தார், சொல்லி வைத்த மகனும் செத்தான், ஊரும் இடம் பெயர்ந்தது. திருமேனிகள் மட்டும் மண்ணுக்குள் காத்திருந்தன.

விழுப்புரம் பக்கம் எசாலத்தில் 1987இல் கோயில் திருப்பணியின்போது ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகளும் படிமங்களும் கிடைத்தன. நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கி 1930கள் வரை சுமார் 350 பௌத்தப் படிமங்கள் வெளிவந்தன. சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் கும்பாபிஷேகத்துக்காக யாகசாலை போட மண் எடுத்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் நாம் வியந்து பார்க்கும் படிமங்களில் பெரும்பகுதி இப்படி மண்ணிலிருந்து வந்தவைதான்.

அடுத்து, ஒப்பந்தம் முறிந்த கதை. இதைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி தன் குடிசைக்குப் பக்கத்தில் மண் வெட்டும்போது நடராஜர் உள்ளிட்ட படிமங்கள் கிடைத்தன. அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு வியாபாரியிடம் விற்றுவிட்டார். கை மாறிக் கை மாறி நடராஜர் லண்டன் போனார். 1982இல் கனடாவைச் சேர்ந்த ‘பம்பர்’ என்ற நிறுவனம் அதை வாங்கியது. பிரிட்டிஷ் மியூசியத்தில் பராமரிப்புக்காக இருந்த நேரத்தில் லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியது. வழக்கு நடந்தது.

கேள்வி ஒன்றுதான். லண்டனில் இருக்கும் இந்த நடராஜர் பத்தூரில் புதைந்திருந்த அதே நடராஜர்தானா? சாட்சிக்குப் போன அறிஞர்களில் டாக்டர் இரா. நாகசாமியும் ஒருவர். படிமத்தின் மேல் ஒட்டியிருந்த மண்ணையும், கரையான் விட்டுச் சென்ற தடத்தையும் ஆராய்ந்தார்கள். அதே இடத்தில் பின்னர் கிடைத்த மற்றப் படிமங்களோடு ஒப்பிட்டார்கள். 1988இல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்தது. 1991இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாகி, அந்த ஆண்டே நடராஜர் ஊர் திரும்பினார். கரையானும் மண்ணும் சாட்சி சொல்லி ஒரு சாமி வீடு திரும்பியது என்று வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்ச்கூட நிமிர்ந்து உட்காரும்.

அந்தத் தொழிலாளி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கிடைத்தது சொற்பம், நடுவில் இருந்தவர்களுக்குப் போனது பெரும்பணம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் சொல்லியிருந்தால் சட்டம் அவருக்கு என்ன கொடுத்திருக்கும்?

புதையல் சட்டம் 1878இல் வந்தது. இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள்ளோ, மண்ணோடு பொருந்திய கட்டடம் போன்றவற்றிலோ ஒளித்து வைக்கப்பட்ட மதிப்புள்ள எதுவும் புதையல்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுத வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பிணை கொடுக்க வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை உள்ளவர்கள் வரலாம் என்பார். நூறு வருஷத்துக்குள் புதைத்தது என்று தெரிந்து, உரியவரும் வந்தால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். உரியவர் இல்லை என்றானால், வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு.

அரசே எடுத்துக்கொண்டால்? பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரப்படும். ஆயிரம் வருஷத்து நடராஜருக்கு வெண்கல விலை! இந்தச் சட்டத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. நேர்மையாகச் சொன்ன ஏழைக்கு, திருடி விற்றவனைவிட மிகக் குறைவாகக் கிடைக்கிறது. இது மாற வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் மாறும்வரை, தெரிந்தே பொருளை இருட்டுக்குள் தள்ளுவதும் சரியாகாது.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன்? நம் ஆரணியிலும் சுற்றுப்புறத்திலும் குழித்தறி போட்ட பழைய வீடுகளை இடித்து மாடி கட்டுகிறோம். ஜே.சி.பி. ஒரு நாளில் ஓர் அஸ்திவாரத்தையே வாரிப் போட்டுவிடுகிறது. கிராமத்துக் கோயில்களிலும் திருப்பணி நடக்கிறது. ஏதாவது தட்டுப்பட்டால் தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள்:

1. உடனே மண் எடுப்பதை நிறுத்துங்கள். பொருள் கிடந்த நிலையிலேயே, சுற்றிலும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். எத்தனை அடி ஆழம், எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள்.
2. புளி போட்டுத் தேய்க்காதீர்கள், ஆசிட் கூடவே கூடாது. பத்தூர் வழக்கில் பேசியது அந்த மண்தான். பூஜை, அபிஷேகம் செய்ய மனம் துடிக்கும். கொஞ்சம் பொறுத்திருங்கள், சாமி எழுநூறு வருஷம் பொறுத்தவர்.
3. செப்பேடுகள் வளையத்தில் கோத்திருந்தால் வளையத்தை அறுக்காதீர்கள். அதில் அரச முத்திரை இருக்கலாம். வளைந்த ஏட்டை நிமிர்த்தவும் வேண்டாம்.
4. வி.ஏ.ஓ., தாசில்தார் வழியாகக் கலெக்டருக்கு எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறுவது உங்கள் உரிமை.
5. “நான் பார்த்துக்கிறேன், யாருக்கும் சொல்லாதே” என்று சொல்லி வருபவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நம் தொழிலிலேயே பதில் இருக்கிறது. பாவில் இழை அறுந்தால், அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் பிணைக்க வேண்டும். வேறு இழையோடு பிணைத்தால் சேலை முழுக்க அந்தக் கோளாறு ஓடும். இடம் தெரியாத சிலையும் அப்படித்தான். அழகாக இருக்கும், ஆனால் எந்த ஊர், யார் செய்வித்தது, ஏன் புதைத்தார்கள் என்ற வரலாற்றோடு அதைச் சேர்க்கவே முடியாது.

டப்பா விளையாட்டை இங்கே விளையாட நினைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தாராளமாக விளையாடுங்கள். பிள்ளைகள் வெயிலில் நடப்பதும் திசை பார்க்கக் கற்பதும் நல்லதே. ஆனால் கோயில், கோட்டை, பழைய மண்டபம், சமணர் குகை பக்கம் எதையும் ஒளிக்காதீர்கள். கல் இடுக்கில் கை விட்டால் பாம்பும் இருக்கும், பழைய சுண்ணாம்பும் உதிரும். பஸ் ஸ்டாண்டிலும் அரசு அலுவலகத்திலும் மூடிய டப்பாவைக் கண்டால் போலீஸ்தான் வரும். சொந்தத் தோட்டத்திலோ, அனுமதி தந்தவர் நிலத்திலோ ஒளித்து வையுங்கள். உள்ளே ஒரு நோட்டும் பென்சிலும் மறக்காமல் இருக்கட்டும்.

ஒரு பொருளை ஒளித்து வைப்பவர், பின்னால் வரும் முகம் தெரியாத ஒருவரை நம்பித்தான் வைக்கிறார். அந்த ஒருவர் நாமாக இருந்தால் அந்த நம்பிக்கையைக் காப்போம்.

உங்கள் ஊர்க் கோயிலில் சாமியைப் புதைத்து வைத்ததாகவோ, வேறு ஊருக்குக் கொண்டு போனதாகவோ பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால் கமெண்டில் எழுதுங்கள். எந்த ஊர், யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இடத்தை மட்டும் துல்லியமாகப் போடாதீர்கள், காரணம் உங்களுக்கே தெரியும்.