காக்காப்பொன் ஏடு

ஜார்க்கண்டின் கோடர்மா வட்டாரப் பாறைகளில் காக்காப்பொன் கனத்த கட்டிகளாகக் கிடைக்கும். தொழிலாளர்கள் அதைக் கத்தியால் ஏடு ஏடாகப் பிரிப்பார்கள். கறையும் கீறலும் இல்லாமல் தேறுவது கொஞ்சம்தான். அதில் பெரும்பகுதி மின்காப்புக்குப் போகும். மிகத் தெளிந்த ஏடுகளில் சில பாய்லர் டிரம்மின் நீர்மட்டக் கேஜுக்குள் போய் உட்காருகின்றன.

அங்கே அதற்கு வேலை கடுமை. இரும்பு அரிக்காமல் இருக்க பாய்லர் நீரைக் காரத்தன்மையோடு வைத்திருப்பார்கள். 100 பார் அழுத்தத்தில் அந்த நீர் 311 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் காரநீர் கண்ணாடியையே கரைத்துவிடும். நடுவில் நின்று தடுப்பது இந்த ஏடு.

சிறிய பாய்லர்களுக்கு இது தேவைப்படுவதில்லை. அங்கே ரிஃப்ளெக்ஸ் கண்ணாடி போதும். அதன் உள்முகத்தில் வெட்டிய பள்ளங்களால் நீர் கறுப்பாகவும் நீராவி வெள்ளிபோலவும் தெரியும். தூரத்திலிருந்தே மட்டம் பார்க்கலாம். ஆனால் பள்ளமான முகத்தில் ஏடு படியாது. அதனால்தான் சுமார் 20 பாருக்கு மேல் நீராவிக்கு ரிஃப்ளெக்ஸ் கண்ணாடியை வாங்க வேண்டாம் என்கிறேன், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

அதற்கு மேல் இருபுறமும் தட்டைக் கண்ணாடி வைத்த கேஜ். நீரை ஒட்டி ஏடு, அதன் பின்னால் கண்ணாடி, பிறகு கேஸ்கெட், மூடி. போல்ட்டுகளை நடுவில் தொடங்கி இரு முனைகளை நோக்கி மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒரு பக்கம் இறுகினால் கண்ணாடி விரிசல் விடும்.

அழுத்தம் இன்னும் ஏறினால் வட்டச் சாளரங்கள் கொண்ட இருநிறக் கேஜ்தான் சரி: நீர் பச்சை, நீராவி சிவப்பு. ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி ஏடு. கெட்டதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு சாளரங்களுக்கு நடுவே மட்டம் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. விலையைக் கேட்கும் முன் அந்த இடைவெளி எவ்வளவு என்று கேளுங்கள்.

எந்தக் கேஜும் டிரம்மைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த நீர் கனம் கூடியது. ஆகவே உண்மையான மட்டத்தைவிடக் கீழேதான் காட்டும். அழுத்தம் ஏற ஏற இந்தப் பிசகும் வளரும். எத்தனை மில்லிமீட்டர் திருத்தம் என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குவது அவசியம். சுமார் 221 பாரில் நீருக்கும் நீராவிக்கும் வேறுபாடே அழிந்துவிடுகிறது. அதைத் தாண்டி ஓடும் சூப்பர்கிரிட்டிகல் பாய்லரில் டிரம்மும் இல்லை, இந்த ஏட்டுக்கு வேலையும் இல்லை.

கேஜில் இருக்கும்வரை ஏடு தேய்ந்துகொண்டே வரும். அடிக்கடி கேஜை ஊதிவிட்டால் அந்தத் தேய்மானம் இன்னும் விரைவு. ஓரம் பிரியும், வெண்மை படரும், நீர் உள்ளே புகுந்து கண்ணாடியைத் தொடும். பாய்லர் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வெண்மை தெரிந்த அன்றே அந்தக் கேஜின் வால்வுகளை அடைத்து, ஏட்டை மாற்றுங்கள். வருடாந்திர ஷட்டவுன் வரை தள்ளிப்போடாதீர்கள். கழற்றிய ஏட்டைத் திரும்பப் போடவும் கூடாது.