கோடரி அலகும் வரலாற்றுச் சான்றும்

பழைய கோடரி அலகுகளைச் சேகரித்துப் புதுக்குதல் வெறும் பொழுதுபோக்கெனவே பெரிதும் கருதப்படுகின்றது. எனினும், தொழில்நுட்ப வரலாற்றை ஆராய்வோருக்கு அவை எழுத்தாவணங்களுக்கு நிகரான சான்றுகளாகும். ஐக்கிய அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் 1826 இல் தோன்றி 1966 இல் மூடப்பட்ட கொலின்ஸ் கம்பனியின் அலகுகளை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம்.

உருக்கு விலைமிக்கதாயிருந்த அக்காலத்தில் அலகின் உடல் இரும்பாலும் வெட்டுவாய் மட்டும் உருக்காலும் அமைந்தன. இரண்டையும் உலையிற் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒட்டினர். 1832 இல் அங்கு சேர்ந்த எலிஷா ரூற் வகுத்த இயந்திரங்கள் இக்கைவேலையைப் படிப்படியாக மாற்றின. துருவேறிய பழைய அலகொன்றை வினாகிரியில் ஊறவைத்துத் துலக்கினால், கருத்த உருக்கும் வெளிறிய இரும்பும் சந்திக்கும் கோடு புலப்படும். அலகு செய்யப்பட்ட முறையை அக்கோடே கூறிவிடும். எஞ்சியுள்ள உருக்கின் அளவோ, அது எவ்வளவு காலம் உழைத்துத் தேய்ந்தது என்பதை ஓரளவு உணர்த்தும்.

ஆனால், புதுக்குவோரிற் பலர் பளபளப்பையே நாடுகின்றனர். மின்சாணையில் வெட்டுவாய் நீலம்பாரிக்கச் சூடேறினால் பதம் கெடும், முத்திரையும் தேய்ந்தழியும். ஏட்டின் எழுத்தைச் சுரண்டிவிட்டு ஓலையை மினுக்குவதற்கு இது ஒப்பாகும். அம்முத்திரையின் மதிப்பும் சிறிதன்று. இங்கிலாந்தில் அதனைப் போலியாகப் பொறித்தோர்மீது கொலின்ஸ் கம்பனி வழக்குத் தொடுத்தது. அந்நியக் கம்பனியாயினும் அவ்வாறு வழக்காடலாமென அந்நாட்டு நீதிமன்றம் 1857 இல் ஏற்றுக்கொண்டது.

துருவை மட்டும் நீக்கி ஆளியெண்ணெய் பூசி வைத்தலே போதும். சம்மட்டித் தழும்புகள் இருந்தவாறே இருக்கட்டும்.