ஊர் திரும்பும் முடிவு

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. கிளைகள் சிற்றூர்கள்வரை பரவின. எழுபதுகளில் இளைஞர் பலர் அவற்றில் பணியில் சேர்ந்தனர். அதிகாரிகளாக உயர்ந்தோரை இடமாற்றம் தொடர்ந்தது. பெற்றோர் ஓரூரில், பிள்ளைகள் வேறூரில், தாம் மற்றோரூரில் எனப் பலர் வாழ்ந்ததை நாம் அறிவோம்.

இத்தலைமுறையினர் ஐம்பதை எட்டிய வேளையில், 2000ஆம் ஆண்டின் இறுதியில், பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தன. 15 ஆண்டு பணியாற்றியவரோ 40 வயது நிறைந்தவரோ விண்ணப்பிக்கலாம். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 60 நாள் ஊதியம் அல்லது எஞ்சிய பணிக்காலத்துக்குரிய ஊதியம், இவற்றுள் எது குறைவோ அது கிடைக்கும். 24 ஆண்டு உழைத்தவருக்கு மிகுதியாகப் போனால் 48 மாத ஊதியம்.

ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் விலகினர். தொகையை எண்ணி முடிவெடுத்தோர் உண்டு. முதிர்ந்த தாயோடு கழிக்க எஞ்சியுள்ள ஆண்டுகளை எண்ணி முடிவெடுத்தோரும் உண்டு.

அடுத்த சில ஆண்டுகளில் வைப்புத்தொகைக்கான வட்டி வெகுவாகக் குறைந்தது. வட்டியை நம்பி ஊர் திரும்பியோர் இடர்ப்பட்டனர். ஆயினும் அவர்கள் தவறிழைத்தனர் எனச் சொல்ல நாம் துணியோம். தாயின் இறுதி நாள்களில் அருகிருந்த மகனுக்கு அது இழப்பன்று.

2019இல் பி.எஸ்.என்.எல். ஊழியர் 78,000க்கும் மேற்பட்டோர் இதே வினாவை எதிர்கொண்டு விருப்ப ஓய்வை ஏற்றனர். நாளை நம் இல்லத்திற்கும் அது வரலாம். அன்று தொகையையும் உறவையும் சேர்த்தெண்ணி, குடும்பமாக அமர்ந்து முடிவு செய்வோம்.